வெளிநாட்டில் சிக்கிய கூட்டுக்காரனுக்கு எது உதவும்: அவனுக்குப் பணமா, அவன் வீட்டுக்குப் பணமா, மனுவா?

குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குளச்சல், தூத்தூர் பக்கத்துக்காரன் என்றால் பஹ்ரைனிலோ ஈரானிலோ மீன்பிடிப் படகில் இருப்பான். கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் என்றால் சவூதியில் எலக்ட்ரீஷியன், குவைத்தில் நர்ஸ், இப்போது கொஞ்ச காலமாக இங்கிலாந்தில் படிக்கிற பிள்ளைகள். லீவுக்கு வரும்போது கோடாலித் தைலமும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்து, நாலு நாள் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அதோடு நாமும் மறந்துவிடுவோம்.

பிறகு ஒருநாள் வாய்ஸ் மெசேஜ் வரும். சம்பளம் வந்து மாதக்கணக்காகிறது, அக்காமா (அங்கே தங்கி வேலை பார்க்கிற அனுமதி) முடிந்துவிட்டது, கம்பெனி புதுப்பிக்கவில்லை என்று. உடனே கூடப் படித்தவர்களின் வாட்ஸாப் குழு விழித்துக்கொள்ளும். பிரித்து அனுப்புவோம் என்பான் ஒருவன். எம்பசிக்கு எழுது என்பான் இன்னொருவன். எம்.பி.யைப் பார்க்கலாம், வீடியோ போடலாம், யாராவது போகும்போது கையில் கொடுத்து விடலாம் என்று ஆளுக்கொன்று வரும். எல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இவற்றில் சில நிஜமாகவே உதவும், சில பாதி வழியில் கரைந்துபோகும், ஒன்றிரண்டு அவனை இன்னும் ஆழமாக மாட்டிவிடும்.

வளைகுடாவில் சிக்கியவன் என்றால், பணத்தை அவன் கைக்கு அனுப்ப மெனக்கெடுவதைவிட இங்கே அவன் வீட்டைத் தாங்குவதுதான் மேல் என்பது என் கட்சி. விலக்குகள் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் அவனுக்கே பணம் அனுப்புவது. அங்கிருந்து இங்கே பணம் வருவது எவ்வளவு எளிதோ, இங்கிருந்து அங்கே போவது அவ்வளவு எளிதல்ல. வெஸ்டர்ன் யூனியன் போர்டு நம்மூரில் ஜங்ஷனுக்கு ஜங்ஷன் தொங்குகிறது. ஆனால் அந்தக் கடைகளில் நடப்பது வெளியிலிருந்து வருகிற பணத்தை வாங்கிக்கொள்வது மட்டும்தான். அனுப்புவதற்கு வங்கிக்குப் போக வேண்டும், அல்லது உரிமம் பெற்ற அன்னியச் செலாவணி நிறுவனத்துக்கு. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அன்பளிப்பு என்ற காரணம் காட்டி நண்பனுக்கும் அனுப்பலாம், சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்றில்லை. பான் கார்டு, ஏ2 படிவம், அவனுடைய வங்கியின் ஸ்விஃப்ட் எண், ஐபான் எண் எல்லாம் வேண்டும். எல்லாக் கிளையிலும் செய்து தரமாட்டார்கள். பாதிப் பேரை நாகர்கோவிலுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். வங்கிக் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி., ரூபாயை மாற்றும் விலையில் ஒரு பிடித்தம், நடுவில் இருக்கிற வங்கி ஏதாவது எடுத்தால் அது. பெரிய தொகைக்கு இது தெரியாது. நாலு பேர் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு அனுப்பும்போது நன்றாகவே தெரியும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. யாருக்குப் பணம் அவசரமோ அவனிடம் பெரும்பாலும் உயிரோடு ஒரு வங்கிக் கணக்கு இருக்காது. சவூதியில் அக்காமா காலாவதியானால் வங்கி கணக்கை முடக்கிவிடும். ஈரானில் இருப்பவன் என்றால் பேச்சே வேண்டாம். தடைகள் காரணமாக இங்கிருந்து சாதாரண வங்கி வழியில் அங்கே பணம் போகாது.

அப்போதுதான் அந்தக் குறுக்கு வழி பேச்சுக்கு வரும். அங்கே இருக்கிற வேறொருவன் இவன் கையில் ரியால் கொடுப்பான், நாம் இங்கே அவன் வீட்டில் ரூபாயாகக் கொடுத்து விடுவோம். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. அன்னியச் செலாவணிச் சட்டப்படி இது கூடாது. இதையே தொழிலாகச் செய்தால் அதற்குப் பெயர் ஹவாலா. ரூமில் கூட இருப்பவன் தன் பங்குக்குச் சாப்பாடு போடுவதும் கைச்செலவுக்குக் கொடுப்பதும் வேறு. அதைக் கணக்குப் போட்டு இரண்டு நாட்டில் சரிக்கட்டுவது வேறு.

சரி, அவன் வீட்டுக்குக் கொடுப்பதில் அப்படி என்ன மேன்மை? தூரத்தில் தவிக்கிறவனுக்குச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிட பைக் தூரத்தில் இருக்கிற வீட்டில் கொண்டு கொடுப்பது கொஞ்சம் விலகல் மாதிரிதான் முதலில் எனக்கும் பட்டது. அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்களிடம் பேசிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

சம்பளம் நின்றுபோனவன் பட்டினி கிடப்பது குறைவு. கேம்பில், அதாவது கம்பெனி கொடுத்த தங்குமிடத்தில், யாராவது குபூஸ் ரொட்டியும் பருப்பும் பகிர்ந்துகொள்வார்கள். அவனைத் தின்பது வீட்டுக் கவலைதான். நகைக்கடன் வட்டி கட்டாவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். பிள்ளைக்கு டேர்ம் ஃபீஸ். சீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். இந்த நெருக்கடியில்தான் அவன் அந்தத் தப்பான முடிவை எடுக்கிறான்: கம்பெனியை விட்டு வெளியேறி, எங்கேயாவது தினக்கூலிக்குப் போவது. கஃபீல், அதாவது அவன் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, உடனே 'ஹுரூப்' போட்டுவிடுவார், அதாவது வேலையை விட்டு ஓடிப்போனவன் என்று அரசாங்கத்தில் பதிவு. அதற்கு மேல் அவன் சம்பள பாக்கி கேட்டு நிற்கிற தொழிலாளி இல்லை, தேடப்படுகிற ஆள். தொழிலாளர் நீதிமன்றத்தில் அவன் கொடுத்த வழக்கு பலவீனமாகிவிடும், ஊருக்கு வருகிற வழியும் சிக்கலாகிவிடும்.

ஆகவே இங்கே மூன்று நாலு மாத வட்டியை நாம் கட்டினால், அங்கே அவனுக்குக் கிடைப்பது பொறுத்திருக்க ஒரு அவகாசம். வழக்கு முடியும்வரை கம்பெனி கேம்பிலேயே உட்கார்ந்திருக்க அவனால் முடியும். இங்கிருந்து இருநூறு ரியால் அனுப்பினால் இது நடக்காது.

எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு இப்படி வந்தபோது, எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு அவன் அனுப்பிய பதில் இது: "பைசா ஒண்ணும் வேண்டாம் மக்கா. நீ ஒண்ணு வீட்டுல போயி அம்மைய பாத்துட்டு வா. அவ ஃபோன்ல சிரிச்சிட்டே பேசுகா. அதான் பயமா இருக்கு." போய்ப் பார்த்தால், அம்மைக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்து நாளாகியிருந்தது. வாசலில் காயப்போட்டிருந்த மரச்சீனி வத்தலைப் புரட்டிக்கொண்டே, எனக்கு ஒன்றும் இல்லை என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவிதான் உள்ளே கூப்பிட்டு வங்கி நோட்டீஸைக் காட்டியது. "அண்ணே, இத அவங்ககிட்ட செல்லீராதீங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து.

வீட்டுக்குக் கொடுப்பதில் உள்ள சங்கடங்களும் சின்னதல்ல. கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அது அம்மை கையிலா, மனைவி கையிலா என்று ஒரு மனத்தாங்கல் கிளம்பலாம். கணவன் ஊரில் இல்லாத வீட்டுக்கு ஆண்கள் அடிக்கடி போய் வந்தால் தெரு சும்மா இருக்காது. எனவே நம் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. வட்டியை வங்கி கவுண்டரில் நேராகக் கட்டி ரசீதை மட்டும் வீட்டில் கொடுப்பது, ஃபீஸைப் பள்ளிக்கூட ஆபீசில் கட்டுவது, மருந்துக் கடையில் ஒரு கணக்கு வைத்துவிடுவது ஆகியவை ரொக்கத்தைவிட மரியாதையாக இருக்கும். கொடுப்பது கடனா, சும்மாவா என்பதை அவனிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். கடன் என்றால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்க வருமான வரிச் சட்டம் விடாது. வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். சும்மா கொடுப்பது என்றால், சொந்தமில்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஓராண்டில் வரும் தொகை மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் அது வாங்குகிறவரின் வருமானமாகக் கணக்கில் வரும். வேறு வருமானம் இல்லாத வீட்டில் இதனால் வரி விழுவது அபூர்வம்தான். ஆனாலும் எல்லாரும் ஒரே ஆளின் ஜி-பேக்கு அடிப்பதற்கு முன் தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது மனு. நண்பர்கள் அதிகம் தட்டிக்கழிப்பது இதைத்தான், ஏனென்றால் இதில் பணம் போகாது, நேரம் போகும். ஆனால் சம்பள பாக்கி, பாஸ்போர்ட் பிடித்து வைத்திருப்பது, ஜெயில், ஆஸ்பத்திரி என்று எதுவாக இருந்தாலும் கடைசியில் அவனை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு காகிதம்தான். வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' தளத்தில் புகார் பதியலாம். ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணை வைத்துத் தூதரகத்தைத் தொடர்ந்து கேட்கலாம். நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனைவியோ அம்மாவோ பெயரில் ஒரு மனு. அதன் நகல் சென்னையில் இருக்கிற அயலகத் தமிழர் நலத்துறைக்கு. உரிமம் பெற்ற ஏஜெண்ட் மூலம் போனவன் என்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அந்த ஏஜெண்டின் மேல் புகார் கொடுக்கலாம். 'ஃப்ரீ விசா' (பெயருக்கு ஒரு முதலாளி, வேலையை நாமே தேடிக்கொள்வது) வாங்கிப் போனவனுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. விசா விற்றவன் மேல் இங்கே போலீசில் கொடுக்க வேண்டும்.

விளவங்கோடு பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஏறுகிறோம், அங்கே சொந்தம் இருக்கிறது, மலையாளிகளோடு ஒரே ரூமில் தங்குகிறோம். அதனால் 'நோர்கா'வில் போய்ச் சொல்லலாம் என்பார்கள். அது கேரள அரசு தன் மக்களுக்கு நடத்துவது. எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் சென்னைக்குத்தான் எழுத வேண்டும்.

தூதரகத்திடம் எதை எதிர்பார்ப்பது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு அவசரச் சான்று கொடுப்பார்கள். நம் ஆட்கள் 'அவுட்பாஸ்' என்று சொல்வது அதைத்தான். 2009-இல் உருவான இந்தியச் சமூக நல நிதி ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது. நிஜமாகவே கையில் இல்லாதவனுக்குத் தங்குமிடம், அவசர மருத்துவம், வக்கீல் உதவி, ஊருக்கு டிக்கெட், இறந்தால் உடலைக் கொண்டுவருகிற செலவு வரை அதிலிருந்து கொடுக்க இடமுண்டு. நிதி இருக்கிறது என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. உடலைக் கொண்டுவர லட்சக்கணக்கில் வசூலிக்க ஓடுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், அவன் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் சேர்ந்திருந்தானா என்று பார்க்க வேண்டும். குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட்டில், முறையாகப் பதிந்து போனவர்களுக்கு அந்தக் காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தால் பத்து லட்சம்.

மனுவில் நண்பன் செய்யக்கூடிய பெரிய வேலை, காகிதங்களைச் சேர்ப்பது. பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா நகல், அக்காமா எண், கம்பெனி பெயர், முதலாளியின் ஃபோன் நம்பர், கேம்ப் லொகேஷன், கடைசியாகச் சம்பளம் வந்த மாதத்தின் பேங்க் ஸ்டேட்மெண்ட். இத்தனையும் ஒரு ஃபைலில் இருந்தால் எந்த ஆபீசிலும் பேச முடியும். இல்லாவிட்டால் "சவூதியில் ஏதோ ஒரு கம்பெனி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். 'மதத்' தளத்தில் பதிந்தபின் வாரம் ஒருமுறை நிலவரம் பார்த்து, பதில் எழுதி, மறுபடி மெயில் போடுகிற பொறுமை அந்த வீட்டில் யாருக்கும் இருக்காது. நாமும் இல்லையென்றால் மனு அப்படியே கிடக்கும்.

மீன்பிடிக்கப் போனவர்கள் கதை இதிலிருந்து கொஞ்சம் வேறு. பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, பிடிக்கிற மீனில் பங்கு. கடலுக்குப் போகாத நாளில் வருமானமும் இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடித்தால் படகோடு ஜெயில். 2020 கொரோனா நேரத்தில் ஈரானில் நம் கடற்கரைக்காரர்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். படகிலேயே கிடந்தார்கள், சாப்பாட்டுக்கே திண்டாட்டம். கடைசியில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடியில் இறக்கியது. அங்கே தனித்தனியாக யாரும் பணம் அனுப்பி எதையும் சாதித்திருக்க முடியாது. பங்குத்தந்தைகள், மீனவர் சங்கங்கள், வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் சேர்ந்து மனுவுக்கு மேல் மனு கொடுத்து, அதைச் செய்தியாக்கித்தான் விஷயம் நகர்ந்தது. கூட்டமாக மாட்டிக்கொண்டால் கூட்டமாகத்தான் கேட்க வேண்டும். தனி ஆளுக்காக நாம் போட்ட மனுவையும் கடற்கரை ஊர்களில் அன்பியம், பங்குப்பேரவை என்கிற தேவாலய அமைப்புகள் வழியாக அனுப்பினால் அதற்கு ஒரு கனம் வருகிறது. தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு பக்கம் ஜமாஅத் இதைச் செய்யும். கடற்கரை விட்டு உள்ளே வர வர, எங்களைப் போன்ற ஊர்களில் அந்தப் பலம் குறைவு. அதனால்தான் கூடப் படித்தவர்களின் குழு இவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

வீடியோவும் வசூலும் பற்றி இரண்டு வரி போதும். அவன் முகத்தையும் கம்பெனி பெயரையும் போட்டு "காப்பாற்றுங்கள்" என்று சுற்றவிடுவது கடைசி ஆயுதம், முதல் ஆயுதம் அல்ல. அங்கே இருக்கிற இணையக் குற்றச் சட்டங்களில், முதலாளியைப் பற்றிப் போட்டதற்கு அவன் மேலேயே வழக்கு திரும்பலாம். துபாய், அபுதாபியில் இருக்கிற நண்பர்களை அங்கேயே வசூலிக்கச் சொல்வதும் ஆபத்து. அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். வசூல் என்றால் இங்கே, தெரிந்தவர்களிடம்.

யாராவது போகும்போது பொருள் கொடுத்து விடுவது மனசுக்கு நல்லது, அவ்வளவுதான். ஏத்தங்காய் சிப்ஸ், கருவாடு, தேங்காய் எண்ணெய் கிடைத்தால் அன்று ரூமே கொண்டாடும். ஆனால் மசாலாவோடு கசகசா போய்விடக் கூடாது; சவூதியிலும் அமீரகத்திலும் அது தடைசெய்த பொருள். டிராமடால், கோடீன் சேர்ந்த மாத்திரை, இருமல் சிரப்பும் அப்படியே. கொண்டுபோகிறவன் ஜெயிலுக்குப் போவான், பெற்றுக்கொள்ள இருந்தவனையும் விசாரிப்பார்கள்.

இப்போது விலக்குகள். நேராக அவனுக்கே பணம் அனுப்புவது சரியாக வருகிற இடங்கள் உண்டு. சிங்கப்பூரில் இருப்பவன் என்றால் 2023 பிப்ரவரி முதல் யு.பி.ஐ.யும் அங்கத்திய பேநவ்வும் இணைந்திருக்கின்றன. அந்த வசதி உள்ள வங்கி என்றால் ஃபோனிலிருந்தே போய்விடும். இங்கிலாந்தில் படிக்கிற பையனுக்கு அங்கே முறையான கணக்கு இருக்கும், டேர்ம் நேரத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கவும் விசா பொதுவாக விடாது. வாடகைக்கு இடிக்கிறது என்றால் அவனுக்கே அனுப்புவதுதான் சரி. அவன் வீட்டில் ஏற்கெனவே கல்விக்கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும், அதைப்பற்றி வீட்டில் போய்ப் பேசினால் அவனுக்குச் சங்கடம்.

இன்னொரு வகை, இங்கே வீடே இல்லாத நண்பன். பெருமாள்புரம், ஞாறான்விளை போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களில் வளர்ந்து, நம்மோடு ஒரே பெஞ்சில் படித்து, பின்னால் குடும்பத்தோடு மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பிப் போனவர்கள். 2022-இல் இலங்கையில் எல்லாம் தட்டுப்பாடான போது தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. தனி ஆட்கள் அப்படி மூட்டை அனுப்பி அது இன்ன வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே அவன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது, போகிற ரூபாய்க்கு அங்கத்திய ரூபாயில் கூடுதலாகவே கிடைக்கும். கட்டணம் கழிந்தாலும் இந்த வழிதான். மாதாமாதம் சின்னத் தொகையாக அனுப்பாமல், சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அனுப்பினால் கட்டணத்தில் மிச்சம்.

பேசுவதை இவற்றோடு ஒப்பிட முடியாது. எந்த வழியை எடுத்தாலும் அது கூடவே வேண்டும். அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு போகாது. அங்கே போட்டிம் என்கிற ஆப் வைத்திருப்பார்கள், அதுவும் இல்லையென்றால் வாய்ஸ் மெசேஜ் போதும். நமக்கு ராத்திரி பத்து மணி என்றால் சவூதியிலும் குவைத்திலும் ஏழரை. வேலை முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பான். வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னும் நல்லது. "எப்ப வாற?" என்று மட்டும் கேட்காமல் இருக்கலாம், அது அவனுக்கே தெரியாது. ஊர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறியது, குழித்துறை ஆற்றில் தண்ணீர் வந்தது, கூடப் படித்தவனுக்குக் குட்டி பிறந்தது, இப்படி ஏதாவது. அவனிடம் சொல்லாதே என்று அவன் வீட்டார் சொன்ன விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா? அம்மைக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன், பார்த்துக்கொள்கிறோம் என்று அதே மூச்சில் சேர்த்து. எப்படியும் பக்கத்து ரூம்காரன் வழியாக அவனுக்குத் தெரியத்தான் போகிறது. அப்படி அரைகுறையாகத் தெரிவது இன்னும் மோசம்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. குழுவில் பிரித்த பணம் முழுவதையும் வட்டிக்கும் ஃபீஸுக்கும் செலவழித்துவிடாமல், ஒரு டிக்கெட்டுக்கான தொகையைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். வழக்கு முடிந்தோ அவுட்பாஸ் கிடைத்தோ நாட்டை விட்டுக் கிளம்ப எக்ஸிட் அனுமதி அடித்துவிட்டால், குறித்த நாளுக்குள் அவன் கிளம்பியாக வேண்டும். கம்பெனி டிக்கெட் தராது, தூதரகத்தில் வரிசை நீளமாக இருக்கும். அப்போது அவனுக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை. தம்மாம்–திருவனந்தபுரம் டிக்கெட்டை இங்கே உட்கார்ந்து ரூபாயில் போட்டு, பி.டி.எஃப்.ஐ வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும். பெயரை மட்டும் அவன் அனுப்பிய அவுட்பாஸ் படத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். நம்மூர் பாஸ்போர்ட்களில் அப்பா பெயர் ஒரு நேரம் முன்னால் இருக்கும், ஒரு நேரம் பின்னால் இருக்கும்.